வௌவால் எழுதிய கோப்பைகள்

ரொம்மன் புறநகரிலுள்ள தன் வீட்டுச் சமையலறையில் புஷ்பமலர் குப்பைப் பையின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறாள். கிழங்குத் தோலுக்கு நடுவே ஆறு சீனத் தேநீர்க் கோப்பைகள் கிடக்கின்றன. மகளின் இன்றைய நிச்சயதார்த்தத்துக்கென்று லின் கொடுத்தவை. லின்னின் தங்கை தன் கையால் தூரிகை பிடித்து வௌவாலும் பீச் பழமும் எழுதியவை. முதியோர் இல்லச் சலவைக்கூடத்தில் பதினொரு வருடமாகப் புஷ்பமலரோடு ஈரப் போர்வைகளின் மறுமுனையைப் பிடிப்பவள் லின்.

"நான்தான் எறிஞ்சனான்," என்கிறாள் கணவனின் அக்கா கமலேஸ்வரி, காகிதக் கோப்பைகளை அடுக்கியபடியே. "வௌவால் அடைஞ்ச வீடு பாழ். மாப்பிள்ளை வீட்டுக்கு அதிலையோ தேத்தண்ணி குடுக்கிறது?"

"சீனருக்கு வௌவால்தான் அதிர்ஷ்டம், மச்சாள். பீச் பழம் நீண்ட ஆயுள். லின் ஒவ்வொண்டாக் காட்டிச் சொன்னவள்."

"அது அவளுக்கு."

புஷ்பமலர் குழாயை முழுதாகத் திறந்து கோப்பைகளைக் கழுவுகிறாள். சன்னலுக்கு வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சம் ஈரக் கோப்பைகளில் விழ, சிவப்பு வௌவால்கள் மினுங்குகின்றன. தடித்த எனாமல் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கூடத்தில் எல்லோரும் தமிழில் சிரிக்க, சோபா நுனியில் லின் தனியே புன்னகைத்துக்கொண்டிருக்கிறாள்.

கணவன் எட்டிப் பார்க்கிறான். "விடும், பிறகு கதைப்பம்."

"தள்ளுங்கோ."

தேத்தண்ணி ஊற்றிய கோப்பைகளைத் தட்டில் ஏந்திக் கூடத்துக்குள் நுழைகிறாள். சம்பந்தியம்மாவைத் தாண்டிப்போய் முதல் கோப்பையை இரு கையாலும் லின்னிடம் கொடுக்கிறாள். பிறகு திரும்பி, பின்னாலேயே வந்துநிற்கும் கமலேஸ்வரியின் முகத்துக்கு நேரே தட்டை நீட்டுகிறாள்.

"எடுங்கோ, மச்சாள்."

கமலேஸ்வரியின் கை எழும்வரை அந்தத் தட்டு அங்கிருந்து அசைவதாயில்லை.