ஞாயிறு வரை

ஜன்னல் வெயில், விரிப்பில் மல்லாந்து கிடக்கும் ஒன்றரை வயது மகளின் விறைத்த இடது காலில் விழுகிறது. அந்தக் கணுக்காலைத் தினமும் இருபது தடவை மடக்கி நீட்ட வேண்டும். செய்த நாளுக்கு டிக் போடத் தாள் கொடுத்திருப்பவர், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் பயிற்சியாளர் அக்கா. இன்று வந்திருக்கும் அவரிடம் அப்பன் தாளை நீட்டுகிறான். "அடேயப்பா, ஒரு நாள்கூட விடலையே தம்பி!" என்று சிரித்தவரின் விரல், கட்டம் கட்டமாக நகர்ந்து நிற்கிறது. "இன்னைக்கு வியாழன்தானே?" டிக் ஞாயிறு வரை ஓடியிருக்கிறது. ஒரே பேனா, ஒரே சாய்வு. சமையலறையில் அவன் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோகிறது. அவன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறான். "நைட் ஷிப்ட் அக்கா... வந்ததும் அசந்துடறேன். டிக்காவது போட்டுடலாம்னு..." "என்கிட்ட ஏம்ப்பா சொல்றே? நடக்க வேண்டியது இவ." அக்கா தாளை மடித்து வைத்துவிட்டு, விரிப்பில் சம்மணமிட்டு உட்காருகிறார். உடனே குழந்தை பழக்கமாக அந்தக் காலை இழுத்து இழுத்து அவர் மடிக்குக் கொண்டுவருகிறாள். "நீயே பிடி." அவன் கை கணுக்காலைத் தொடுகிறது. இந்த ஆள் எதற்கு என்று கேட்பதுபோல, மகள் அக்காவின் முகத்தைப் பார்க்கிறாள்.