விரல் பொருந்தவில்லை

எங்கள் ஐ.டி.ஐ.யை நவீனமாக்குகிறோம் என்று வெல்டிங் மெஷின்களைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, கண்ணில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடியும் கம்ப்யூட்டரும் கொண்டுவந்து இறக்கினார்கள். கண்ணாடிக்குள் தீப்பொறி பறக்கும், ஆனால் ஒன்றும் சுடாது. இல்லாத தகடுகளுக்கு ஒரு வருஷம் வெல்டிங் வைத்தோம். வைத்து முடித்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தால் மார்க் தெரியும். கையுறை போட்ட விரலைக் கம்ப்யூட்டர் ஏற்காது என்பதால் எங்களுக்குக் கையுறையே கிடையாது. எப்போதும் முதல் மார்க் ஜெபக்கனிக்குத்தான். அவள் படம் போட்டு வாசலில் பேனர்கூடக் கட்டினார்கள். போன வாரம் வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் நிஜ மெஷினைக் கொடுத்தார்கள். ஜெபக்கனி பிசிறில்லாமல் வெல்டிங் வைத்தாள். பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். முடித்ததும், அவர்கள் தந்த கையுறையைக் கழற்றிவிட்டு, மார்க் பார்க்கிற பழக்கத்தில், சிவப்பு ஆறாத இரும்பின்மேல் விரலை வைத்தாள். நுனித்தோல் இரும்போடு போய்விட்டது. மூன்று நாள் கழித்து வகுப்புக்கு வந்தாள். வாசலில் வருகைப்பதிவு மெஷின் அதே விரலைத்தான் கேட்டது. வலியோடு கட்டுத்துணியை அவிழ்த்து விரலை வைத்தாள். ‘விரல் பொருந்தவில்லை’ என்றது. நேரே பிரின்சிபாலிடம் போனோம்.

“மெஷின் ஏத்துக்கலைன்னா நான் என்னம்மா பண்றது? ஆப்சென்ட்தான்” என்றார்.

ஜெபக்கனி வெந்த விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதுக்கு எத்தனை மார்க் சார்?”

அவர் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.