பின்னால் ஒரு கார்

"நிறுத்தாதீங்க! மிதிச்சுக்கிட்டே பேசுங்க!"

மைக்கைக் கடித்துத் தின்றுவிடுவது போல் குனிந்து கத்தினாள் தொகுப்பாளினி. சைக்கிள்காரர்களின் பாதுகாப்புக்காக வானொலியில் வாராவாரம் அவள் நடத்தும் 'காலைச் சக்கரம்' நேரலையில் போய்க்கொண்டிருந்தது. ஊரே கேட்கும் நிகழ்ச்சி. ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் மூச்சிரைத்தது.

"அக்கா, நான் ஆஸ்பத்திரியில நர்ஸு. நைட் டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போறேன். கால்வாய் ரோட்டுல ஏறினதுலேருந்து ஒரு கார் என் பின்னாடியே வருது!"

"போனைக் கையிலயா வச்சிருக்கீங்க?"

"கூடையில கிடக்கு, ஸ்பீக்கர்ல. கையில வச்சிருந்தா நீங்கதான் மானத்தை வாங்குவீங்களே!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் என்ஜினியருக்கு ஏற்கெனவே ஒரு தலைவலி. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியும் ஒரு சைக்கிளைக்கூட உரசாமல் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை இன்றைக்கு விருந்தினராக அழைத்திருந்தார்கள். ஆளையும் காணோம், போனை எடுக்கிற வழியையும் காணோம்.

"பெருசு குறட்டை விட்டுத் தூங்குது போல" என்று முணுமுணுத்தபடி இன்னொரு தடவை அடித்துப் பார்த்தவன், நர்ஸின் குரல் நடுங்குவதைக் கேட்டுப் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"முந்திப் போகச் சொல்லிக் கை காட்டினீங்களா?" என்றாள் தொகுப்பாளினி.

"காட்டிக் காட்டிக் கையே வலிக்குது. போக மாட்டேங்கறான். நான் மெதுவா போனா அவனும் மெதுவா வர்றான், வேகமா மிதிச்சா அவனும் வேகமா வர்றான். ஒட்டியும் வரலை, விட்டும் போகலை!"

"ஹார்ன் அடிச்சானா?"

"ஒரு தடவைகூட இல்லக்கா!"

தொகுப்பாளினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஊரில் சைக்கிளைப் பார்த்து ஹார்ன் அடிக்காத காரா? நல்ல எண்ணம் உள்ளவன் எவனும் இவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டான்.

"போன மாசம் ஒரு டீச்சர் கழுத்துலேருந்து செயினை அறுத்தாங்களே, அது இதே ரோட்டுலதான். அவனுங்களும் கார்லதான் வந்தானுங்க" என்று அவள் ஹெட்போனில் கிசுகிசுத்தான் என்ஜினியர். "போலீசுக்குச் சொல்லிட்டேன். வந்து சேர நேரமாகுமாம்."

"கார் நம்பர் தெரியுதாம்மா?"

"ஒரே பனியா இருக்கு. லைட் மட்டும்தான் தெரியுது. இப்பக்கூடப் பாருங்க, பாலத்துக்கிட்ட திரும்பினேன். அவனும் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பறான்!"

"இண்டிகேட்டர் வேறயா? என்ன தெனாவட்டு!"

ஸ்பீக்கரில் சைக்கிள் செயின் கரகரத்தது. அதற்கு மேல் ஒரு விசும்பல். "அக்கா, வீட்டுல ரெண்டு சின்னப் பசங்க தனியா இருக்காங்க. இவனை வாசல் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போய் வீட்டைக் காட்டிக் கொடுக்கவா?"

"வீட்டுப் பக்கமே போகாதீங்க! எங்க டவர் மேல சிவப்பு லைட் தெரியுதா?"

"தெரியுது."

"அதைப் பார்த்து நேரா இங்க வந்துடுங்க. கேட்டுல நாங்க நிக்கறோம்." சொல்லிவிட்டு மைக்கை இன்னும் நெருக்கமாக இழுத்தாள். "ஏய், கார்ல வர்றவனே! நீயும் கேட்டுக்கோ. ஊரே உன்னைப் பார்த்துக்கிட்டிருக்கு. மரியாதையா வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடு!"

ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"போயிட்டானாம்மா?"

"இல்லக்கா. அசரவே இல்ல. அப்படியே வர்றான்!"

என்ஜினியர் ஒரு பாட்டைத் தட்டிவிட்டான். இருவரும் படிகளில் தடதடவென்று இறங்கினார்கள். போகிற போக்கில் தொகுப்பாளினி ஒரு மைக் ஸ்டாண்டைப் பிடுங்கிக்கொண்டாள். கேட்டில் வாட்ச்மேன் தடியோடு தயார். கேன்டீன் மாஸ்டர் கரண்டியோடு வந்து சேர்ந்தார்.

"எண்ணெய் இன்னும் சூடாத்தான் இருக்கு. எடுத்துக்கிட்டு வரவா?"

"முதல்ல ஆளைப் பிடிப்போம் மாஸ்டர்!"

பனியைக் கிழித்துக்கொண்டு சைக்கிள் வந்தது. கேட்டைத் தாண்டியதும் நர்ஸ் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து தொகுப்பாளினியைக் கட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னாலேயே, அதே இடைவெளியில், இரண்டு விளக்குகள். இடது இண்டிகேட்டர் மினுக்கியது. கார் நிதானமாகத் திரும்பி, கேட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

"உள்ளயே வந்துட்டான்யா!"

வாட்ச்மேன் பாய்ந்து கதவைத் திறந்தார். சீட் பெல்ட்டைக் கழற்றக்கூட விடாமல் சட்டைக் காலரைப் பிடித்தார். "யார்றா நீ? எதுக்குடா அந்தப் பொண்ணு பின்னாடியே வந்தே?"

உள்ளே இருந்தவர் மிரளவில்லை. என்ஜினை அணைத்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். காலரைப் பிடித்திருந்த கையைத் தாண்டி எட்டிப் பார்த்து, மைக் ஸ்டாண்டும் கையுமாக நின்ற தொகுப்பாளினியிடம் சங்கடமாகச் சிரித்தார்.

"மன்னிச்சுக்கம்மா, உங்க நிகழ்ச்சிக்கு லேட்டாயிடுச்சு. வழி பூரா முன்னாடி ஒரு சைக்கிள்!"