ஜன்னலுக்கு எத்தனை நட்சத்திரம்?

ரீனோ சூதாட்ட விடுதியின் ஒன்பதாவது மாடி. வீட்டுக்குக் கிளம்பத் தயாராக, பேத்தியின் பிறந்தநாள் பரிசை மடியில் வைத்தபடி டோரீன் கைபேசியில் விடுதிக்கு மதிப்பெண் போடுகிறாள். படுக்கைக்கு நாலு நட்சத்திரம், இறாலுக்கு மூன்று. ‘ஜன்னல் காட்சி எப்படி?’ என்ற கேள்வியில் விரல் நிற்கிறது.

“கிளைட், மூணு நாள்ல ஒருதரமாவது திரையத் தொறந்தமா?”

“கீழ அத்தன மெஷின் கூப்பிடுறப்ப ஜன்னல யாரு பாக்குறா?” ஷூ மாட்டும் கணவனின் கழுத்துக் கயிற்றில், மெஷினில் செருகும் சூதாட்ட அட்டை இன்னும் ஆடுகிறது.

ஆவல் தாங்காமல் அவள் திரையை இழுக்கிறாள். மங்கல் அறைக்குள் வெள்ளை வெளிச்சம் கொட்டுகிறது. கார்களெல்லாம் பனிமேடுகள். வீட்டுக்குப் போகும் மலைச்சாலையையே காணோம். பிறந்தநாள் விருந்து இன்று நாலு மணிக்கு.

“யம்மாடி! அஞ்சு நட்சத்திரம் போடுடி.”

“போட்டாச்சு. பேத்திக்கு நீ போன் போடு.”