வேண்டாம் என்று ஒரு கையெழுத்து

“கெமிஸ்ட்ரியா, பாட்டனியா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா!” மூன்றாவது முறையாக அதட்டினார் வாஹித் பாஷா, ஆம்பூர் தோல் அதிபர்கள் சங்கத் தலைவர்.

ஜெபராணி ஃபைலைப் பிரித்துக் காட்டினாள். “ரெண்டும்தான் சார். படிச்சது பாட்டனி. ரெண்டு வருஷமா வேலை பாக்கறது தோல் பதனிடற ஷாப் லேப்ல. தோல் ஷாப் தண்ணி பாஞ்ச நிலத்துல எந்தப் பயிர் பொழைக்கும்னு பாக்கணும் சார்.”

சங்கம் தரும் இரண்டு வருட ஆராய்ச்சி நிதிக்கான நேர்முகம் அது. கிடைக்காவிட்டால், திங்கட்கிழமை முதல் குடியாத்தம் தீப்பெட்டி கம்பெனியில் கிளார்க். அந்த ஆர்டர் கைப்பையிலேயே இருந்தது.

“ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்!” என்று சிரித்தார் வேலூரிலிருந்து தேர்வுக்கு வந்திருந்த கெமிஸ்ட்ரி பேராசிரியர் சத்தியநாதன். “செடி கொடியெல்லாம் என் சப்ஜெக்ட் இல்லீங்க.”

“உப்பு, குரோமியம்னு எழுதியிருக்கு. என் சப்ஜெக்டும் இல்ல” என்றார் கூட வந்த பாட்டனி பேராசிரியர் இன்பசேகரன்.

பாஷா ஆளுக்கொரு தாளை நீட்டினார். “எங்க ஷாப்புல தோலை வேணாம்னு தள்றவரு, சீட்டுல கையெழுத்து போடணும். வாய்ப்பேச்சு செல்லாது. நீங்களும் எழுதிக் குடுத்துடுங்க.”

பக்கத்து அறையில் பிரியாணி அண்டா திறக்கிற சத்தம். இருவரும் ‘இது என் சப்ஜெக்ட் இல்லை’ என்று போட்டி போட்டுக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜெபராணி ஃபைலைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். இந்த பாஷாவுக்கு இரக்கமே கிடையாதா என்றிருந்தது.

“இன்னா எழுந்துட்ட? உக்காரும்மா. ஷாப் தண்ணி பாஞ்சு என் தென்னந்தோப்பே காஞ்சு போவுது. இந்த வருஷ நிதி உனக்குத்தான்.”

பேராசிரியர்கள் விழித்தார்கள். முதலில் சுதாரித்தவர் சத்தியநாதன்.

“பேஷ்! நல்ல முடிவு. ஆனா சின்னப் பொண்ணு, தனியா சமாளிக்காது. ஆராய்ச்சிக்குத் தலைமை நான் ஏத்துக்கறேன்.”

“அதெப்படி? பயிர்தானே முக்கியம்? தலைமை பாட்டனிக்குத்தான் வரணும்!” என்றார் இன்பசேகரன்.

பாஷா இரண்டு தாள்களையும் மேஜைமேல் பரப்பினார்.

“தள்ளின தோலை அப்புறம் என்னுதுன்னு கேக்கக் கூடாது சார். கையெழுத்து அதுக்குத்தான். போன வருஷம் இப்படித்தான் ரெண்டு பசங்களுக்கு நிதி குடுத்தோம். தலைமை உங்க ரெண்டு பேருக்கும் போச்சு. பசங்க இன்னும் உங்க லேப்ல குடுவை கழுவறாங்க.”

பேராசிரியர்கள் இருவரும் தங்கள் கையெழுத்தை எட்டிப் பார்த்தார்கள்.

“அதான், இந்தத் தடவை முன்னாடியே எழுதி வாங்கிட்டேன். தலைமையும் ஜெபராணிதான்” என்று எழுந்தார் பாஷா. “வாங்க, பிரியாணி ஆறுது. அதுவாவது உங்க சப்ஜெக்ட்தானே?”