ஏரி தெரியும் உயரம்

“நாங்க தூக்கி உட்கார வைக்கக் கூடாதும்மா. நீங்களாதான் மாறி உட்காரணும். நிமிர்ந்து இருக்கவும் முடியணும்.”

ரோலர் கோஸ்டர் வாசலில் நின்ற பெண் பணிவாகத்தான் சொன்னாள். பக்கத்திலேயே ஒரு மாதிரி சீட் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரிசைக்குப் போகலாம்.

வீல்சேரில் இருந்த வெர்னாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். கைப்பிடியை ஊன்றி எழுந்தார். பாதியிலேயே இடுப்பு மறுத்துவிட்டது. கணவர் ஆர்லோ தாங்கிப் பிடித்து சீட்டில் சாய்த்தார். பிடியை விட்டதும் வெர்னாவின் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது.

“இன்னொரு தடவை பார்க்கட்டுமா?”

பார்த்தார். மறுபடியும் சரிந்தது.

“மன்னிச்சுக்குங்கம்மா.”

“நீ என்ன செய்வே? விதி அப்படி இருக்கு.”

தலைக்கு மேலே மரத்தாலான தண்டவாளத்தில் வண்டி கடகடவென்று ஓடியது. கூச்சலும் சிரிப்புமாகக் கடந்து போனது. அது கண்ணிலிருந்து மறையும்வரை வெர்னா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒரே ஒரு தடவைன்னு நினைச்சேன்” என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஆர்லோ அவரை வீல்சேருக்கு மாற்றினார். கால்களை எடுத்து மிதியில் வைத்தார். சவாரி முடிந்து வெளியே வரும் வழியில், வேலியோரமாகக் கொண்டுபோய் நிறுத்தி பிரேக் போட்டார்.

“நீ இங்கேயே இரு. நான் போயிட்டு வந்துடறேன்.”

“ஆர்லோ!”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று வந்து வரிசையில் நின்றுகொண்டார்.

அவருக்குப் பின்னால் கணவனோடும் மகளோடும் நின்றிருந்த ஷெரிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பார்த்தியா கிரெக்? அந்தம்மாவை வெயில்ல விட்டுட்டு இவருக்கு சவாரி கேக்குது!”

“மெதுவாப் பேசு. காதுல விழப்போகுது.”

“விழட்டும். நாளைக்கு நான் படுத்துட்டா நீயும் இப்படித்தான் கிளம்பிடுவே.”

“நீ படுத்தாலும் என்னை நிம்மதியாப் போக விடமாட்டே. நகரு, வரிசை போகுது.”

வண்டி வந்தது. ஆர்லோ ஏறவில்லை. முதல் வரிசைதான் வேண்டும் என்று அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்.

‘ஆசையைப் பாரு!’ ஷெரில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் மகள் அப்பாவோடுதான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். தனியாக நின்ற ஷெரிலை ஆர்லோவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

“முதல் வரிசையைக் கேட்டு வாங்கியிருக்கீங்க. ரொம்ப நாள் ஆசையோ?” குத்தலாகவே கேட்டாள்.

“ம்” என்றார் ஆர்லோ. மடிமேல் கம்பி இறங்கியதும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். கண்களை இறுக மூடினார்.

வண்டி ஏறியது. உச்சியில் ஈரி ஏரி மொத்தமும் வெயிலில் தகதகத்தது. படகு என்று ஒன்றுகூட இல்லை, வெறும் தண்ணீர். ஷெரில் பக்கத்தில் பார்த்தாள். மூடிய கண் மூடியபடியே. சரிவில் எல்லாரும் அலறினார்கள். அவர் மட்டும் வாய் திறக்கவில்லை. வண்டி நின்று, கம்பியைத் தூக்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

‘இதுக்கா பெண்டாட்டியை விட்டுட்டு ஓடி வந்தார்?’

வெளியே வந்த ஆர்லோ வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தார். வீல்சேர் பக்கத்தில் மண்டியிட்டார்.

“நிஜமாவே போயிட்டு வந்துட்டியா?” வெர்னா கேட்டார்.

“போனேன். உச்சியில ஒரு நொடி அப்படியே நிக்குது, வெர்னா. சத்தமே இல்ல. ஏரி பூரா தெரியுது. யாரோ ஒரு ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கின மாதிரி சாய்ஞ்சு கிடக்கு. தூரத்துல ரெண்டு பாய்மரப் படகு. கை நீட்டினா எடுத்துடலாம் போல.”

“அப்புறம்?”

“அப்புறம் விழறோம். உடம்பு முன்னாடி போயிடுது, உயிர் மேலேயே நின்னு வேடிக்கை பார்க்குது. கீழே வந்துதான் ரெண்டும் ஒண்ணாச் சேருது.”

வெர்னா கண்களை மூடியிருந்தார். மடியில் கிடந்த கைகள் மெல்ல மெல்ல எழுந்து தலைக்கு மேலே நின்றன, சரிவில் இறங்குகிறவர்கள் தூக்குவதைப் போல. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

ஷெரில் அப்படியே நின்றுவிட்டாள். என்னவொரு புளுகு! அதுவும் இப்படிப்பட்ட ஒருத்தியிடம்!

“வந்துடு ஷெரில், நமக்கெதுக்கு?” கிரெக் கையைப் பிடித்து இழுத்தான்.

“நீ போ. நான் வர்றேன்.”

ஆர்லோ குடிக்க எலுமிச்சை ஜூஸ் வாங்கி வரக் கிளம்பினார். ஷெரில் வெர்னாவிடம் போனாள்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. நான் அவர் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் அவர் கண்ணையே திறக்கல. ஏரியில இன்னைக்குப் படகும் இல்ல. உங்ககிட்ட அத்தனையும் அளந்து விடறார்.”

“கண்ணைத் திறக்கலையா?” வெர்னா கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. “எப்படித் திறப்பார்? பல்பு மாட்ட ஸ்டூல் மேல ஏறினாலே அவருக்குத் தலை சுத்தும். கல்யாணம் ஆனதுலேர்ந்து வருஷா வருஷம் நான் மட்டும்தான் இதுல ஏறுவேன். அவர் என் பையைப் பிடிச்சுக்கிட்டுக் கீழேயே நிப்பார்.”

ஷெரில் திரும்பி, ஜூஸ் வாங்கப் போன ஆர்லோவைப் பார்த்தாள்.

“அப்போ... அந்த ஏரி, படகு எல்லாம்?”

“ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து நான் அவர்கிட்ட சொன்னதும்மா. ஒரு வார்த்தை விடாம ஞாபகம் வெச்சிருக்கார்.”