கணவனுக்கு வசனம் இல்லை

"அப்ப நான் என்னங்க்கா பண்றது?"

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாங் கண்ணு. சும்மா நில்லு."

தெய்வானை அக்கா நோட்டைப் புரட்டினாள். நாடகத்தை எழுதியவள் அவள். இயக்குபவளும் அவளே. குடியிருப்பு மகளிர் மன்றத்துக்குச் செயலாளர் வேறு. ஆண்டு விழாவுக்கு இன்னும் எட்டு நாள்தான்.

கணவன் வேடம் போட்டிருந்தவள் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மை பென்சிலால் வரைந்த மீசை. வியர்வையில் ஒரு பக்கம் கலைந்திருந்தது.

மன்றத்து நாடகத்தில் ஆண் வேடமும் பெண்களுக்குத்தான். சட்டை மட்டும் அவரவர் வீட்டிலிருந்து வரும். அவள் போட்டிருந்தது அவள் கணவனின் கட்டம் போட்ட சட்டை. தோள் இரண்டும் முழங்கையை நோக்கி இறங்கியிருந்தன.

காட்சி இதுதான். புருஷனுக்கு வேறொருத்தியோடு பழக்கம். மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. நேரே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் முடியைப் பிடித்து இழுக்கிறாள். புருஷனும் அங்கேதான் இருக்கிறான்.

நிற்கிறான்.

"ஆரம்பிங்க," என்றாள் அக்கா.

மனைவியாக நடித்த பூங்கோதை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அடியே, என் குடியக் கெடுக்க வந்தவளே! ஊர்ல உனக்கு வேற ஆம்பளையே கெடைக்கலையா?"

முடியைப் பிடித்தாள்.

அந்தப் பெண்ணாக நடித்த வினோதாவுக்குக் கிராப்புத் தலை. சவுரி வைத்துக் கட்டியிருந்தார்கள். இழுத்த இழுப்பில் சவுரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பூங்கோதை அலறிக்கொண்டு அதை வீசினாள், எலியைப் பிடித்துவிட்டவள்போல.

கூடம் முழுக்கச் சிரிப்பு.

மீசையோடு அவளும் சிரித்தாள். மேடையின் ஓரத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே நின்றபடி.

பிறகுதான் அது உறைத்தது.

எவ்வளவு சௌகரியமான இடம் இது!

காற்று நன்றாக வருகிறது. யாரும் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது புருஷன் கையைக் கட்டிக்கொள்ளலாம். சுவரில் பல்லி எங்கே போகிறது என்று பார்க்கலாம். எல்லாம் முடிந்ததும் சட்டை கசங்காமல் வீட்டுக்குப் போகலாம்.

சித்திரையில் அவளும் இப்படிப் போயிருந்தாள். தன் கணவனோடு பழகிய பெண் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு. ஊரின் அந்தக் கோடி. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதும் கணவன்தான்.

வாசலிலேயே நின்று கத்தினாள். பூங்கோதை பேசிய இதே வசனம். யாரும் எழுதிக் கொடுக்காமலே அன்றைக்கு அது அவளுக்கு மனப்பாடமாக வந்தது.

அந்தப் பெண் அழுதாள். தெருவே கூடிவிட்டது. கணவன் வண்டியருகே நின்று முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், காற்று இறங்கியிருக்கிறதா என்பதுபோல.

"எல்லாம் அவ பண்ணுன வேலை," என்றான் திரும்பி வரும்போது.

"ஆமாங்க," என்றாள்.

வீடு அமைதியாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் அவனே கறி எடுத்துவந்து, அவனே வெங்காயமும் உரிக்கிறான். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டதாகக் கேள்வி. குடியிருப்பில் இது ஒருவருக்கும் தெரியாது.

ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. அவனைக் கேட்க வேண்டிய வார்த்தை. கேட்டால் இந்த அமைதி போய்விடும். ஐந்து மாதமாக அதைச் சுற்றிச் சுற்றியே அவள் பெருக்கிக்கொண்டிருக்கிறாள், நகர்த்த முடியாத பீரோவைச் சுற்றிப் பெருக்குவதுபோல.

"அக்கா, பூங்கோதை எம்பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேக்கற மாதிரி வச்சா என்னங்க்கா?"

"உன்னையா? எதுக்கு?"

"அவ வீட்டுக்காரன் நானல்லோ. தப்புப் பண்ணுனதும் நானல்லோ."

அக்கா பேனாவால் நெற்றியைச் சொறிந்தாள்.

"உன்னையக் கேட்டுப்போட்டா நாடகம் அஞ்சு நிமிசத்துல முடிஞ்சு போயிரும். நான் முக்கா மணி நேரம் ஓட்டோணும் கண்ணு."

மறுபடியும் சிரிப்பு.

"அப்படி வச்சா எனக்குத் தலையாவது தப்பிக்குமுங்க்கா," என்றாள் வினோதா, சவுரிக்கு ஊசி குத்திக்கொண்டே.

"பேசாத. மறுக்கா மொதல்ல இருந்து."

கதவு திறந்தது. அவள் கணவன். அழைத்துப்போக வந்திருந்தான். கையில் வறுகடலைப் பொட்டலம். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தான். மேடையைப் பார்த்தான். தன் சட்டையைப் பார்த்தான். மீசையைப் பார்த்தான்.

"அட, அச்சு அசல் நானேதான்!" தொடையைத் தட்டிச் சிரித்தான். "நிக்கறதுகூட அப்படியே இருக்குது பாருங்க்கா!"

அவன் சிரிப்பு அவளுக்கு எப்போதும் பிடிக்கும். இப்போதும் பிடித்தது.

அதுதான் வேடிக்கை.

பூங்கோதை முந்தானையைச் செருகினாள். வினோதா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தலையை நீட்டினாள்.

அவள் மின்விசிறிக்குக் கீழிருந்து நகர்ந்தாள். ஓர் அடி. இன்னோர் அடி. பூங்கோதையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

இங்கே காற்றே இல்லை.

"ஏம்மா, உன் எடம் அது," என்றாள் அக்கா.

அவள் திரும்பி அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். இங்கிருந்து அது நன்றாகவே தெரிந்தது. இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஏனோ உற்சாகமாக இருந்தது. முதல் மழைக்குக் கையை நீட்டுவதுபோல.

"ஏனுங்க," என்றாள், முன்வரிசையைப் பார்த்து. "கடலையக் கீழ வச்சுப்போட்டுக் கொஞ்சம் மேல வாங்க. நான் நின்ன எடத்துல ஒரு நிமிசம் நில்லுங்க. உங்களை ஒரே ஒரு வார்த்தை கேக்கோணும்."